நாலு பேரும் ஒரு துணையும்



புலம்பெயர்ந்து வாழும் எமது இல்லங்களில் இரண்டு வசனங்கள் ஓயாது ஒலிக்கின்றன. ஒன்று பிள்ளைகளுடையது: "எல்லாரும் போகினம், நான் மட்டும் போகாமல் இருக்கேலாது." மற்றையது பெற்றோருடையது: "நாலு சனம் என்ன சொல்லும்?" முதலாவது வசனத்தைக் கேட்டவுடன் நாம் சினங்கொள்கின்றோம். அவர்கள் கிணற்றில் குதித்தால் நீயும் குதிப்பாயோ என்று வினவுகின்றோம். கூடாத கூட்டு என்று பிள்ளையின் நண்பர்களைப் பழிக்கின்றோம். ஆனால் அதே நாளில், அதே வீட்டில், இரண்டாவது வசனத்தைச் சொல்லிக்கொண்டே மண்டபத்துக்கு முற்பணம் கட்டுகின்றோம். பிள்ளை எந்தத் துறையைக் கற்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றோம். குடும்பத்தில் ஒருவருக்கு நேர்ந்த மனநோயை உறவினரிடமிருந்து மறைக்கின்றோம். இவ்விரு வசனங்களும் உண்மையில் ஒரே வசனமே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் அதனை எண்ணிப் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் எமது சங்கடத்தின் தொடக்கம்.

கூட்டம் தனிமனிதனை எவ்வாறு வளைக்கின்றது என்ற வினாவை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் சொலொமன் ஆஷ். அவரும் ஒரு புலம்பெயர்ந்த பிள்ளையே என்பது எம்மவர் பலர் அறியாத செய்தி. 1907 இல் போலந்தின் வார்சோ நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், 1920 இல் பதின்மூன்று வயதுச் சிறுவனாக நியூயோர்க் நகருக்கு வந்து சேர்ந்தார். ஆங்கிலம் தெரியாது. வகுப்பறையில் நடப்பது விளங்காது. கூச்சத்தில் ஒடுங்கியிருந்த அச்சிறுவன் டிக்கன்ஸின் நாவல்களை வாசித்து வாசித்தே ஆங்கிலத்தைத் தேடிக்கொண்டான். போலந்தில் வாழ்ந்த காலத்து நினைவொன்றையும் ஆஷ் பின்னாளில் கூறியிருக்கின்றார். பாஸ்கா விழா இரவில் அவரது பாட்டி, எலியா தீர்க்கதரிசிக்கென ஒரு கிண்ணத்தில் வைன் ஊற்றி வைத்தார். அவர் வந்து ஒரு மிடறு அருந்துவார், உற்றுப் பார் என்றார் அருகிலிருந்த மாமன். ஏழு வயதுச் சிறுவன் உற்றுப் பார்த்தான். கிண்ணத்தில் வைன் சற்றே குறைந்ததாகவே அவனுக்குத் தோன்றியது. வீட்டில் எல்லோரும் நம்பும் ஒன்றைப் பிள்ளையின் கண்ணும் காணத் தொடங்கிவிடுகின்றது.

அமெரிக்காவின் சுவாத்மோர் கல்லூரியிற் பேராசிரியராக இருந்தபோது, 1950களின் தொடக்கத்தில் ஆஷ் நடத்திய பரிசோதனை மிக எளிமையானது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் நீளத்தால் வேறுபட்ட மூன்று கோடுகள். முதலாவது அட்டையிலுள்ள கோட்டுக்குச் சமமானது எது என்று ஒவ்வொருவரும் உரத்துச் சொல்ல வேண்டும். தனியே இருந்து விடை சொல்பவர்கள் நூற்றுக்கு ஒரு தடவைகூடப் பிழை விடுவதில்லை. அத்துணை வெளிப்படையான விடை. ஆனால் அந்த அறையில் ஏழு முதல் ஒன்பது மாணவர்கள் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் தவிர்ந்த ஏனையோர் அனைவரும் ஆஷ் முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைத்தவர்கள். பதினெட்டுச் சுற்றுகளுள் பன்னிரண்டில் அவர்கள் ஒரே குரலில் பிழையான விடையைச் சொன்னார்கள். எதுவும் அறியாத அந்த ஒருவரின் முறை இறுதியில் அல்லது இறுதிக்கு முன்னதாக வரும்.

அந்தப் பன்னிரண்டு சுற்றுகளிலும் அறியாதவர்கள் சொன்ன விடைகளில் ஏறத்தாழ 37 சதவீதம் கூட்டத்தின் பிழையான விடையையே ஒத்திருந்தன. நால்வரில் மூவர் குறைந்தது ஒரு தடவையேனும் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தனர். அடி இல்லை, மிரட்டல் இல்லை, பரிசு இல்லை. இனி ஒருபோதும் சந்திக்கத் தேவையில்லாத அந்நியர் சிலர் வேறு விதமாகச் சொன்னார்கள், அவ்வளவே. மறுபுறத்தில், நால்வரில் ஒருவர் ஒரு தடவையேனும் வளையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இப்பரிசோதனையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்த நாலாமவரை மறந்துவிடுகின்றனர்.

வளைந்தவர்களை ஆஷ் பின்னர் அழைத்துப் பேசினார். சிலர் தமது கண்ணையே ஐயுற்றிருந்தனர். சிலர் ஆய்வைக் குழப்ப விரும்பவில்லை என்றனர். ஆனால் அவரை மிகவும் கவலைகொள்ளச் செய்தவர்கள் வேறொரு சாரார். கூட்டத்திலிருந்து தாம் வேறுபட்டதைத் தமக்குள்ளே இருக்கும் ஏதோவொரு குறைபாட்டின் அடையாளமாக அவர்கள் எண்ணினர். அக்குறையை எப்பாடுபட்டேனும் மறைத்துவிட வேண்டும் என்பதற்காகவே கூட்டத்தோடு ஒத்துப்போயினர். இவ்விடத்தில் ஒவ்வொரு பெற்றோரும் சற்று நின்று சிந்திக்க வேண்டுகின்றோம். வேறு நிறம், உச்சரிக்க முடியாத பெயர், மணம் வீசும் உணவு என்பவற்றோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறைக்குள் நுழைந்த எமது பிள்ளை, தன்னிடம் ஏதோ குறை இருக்கின்றது என்ற எண்ணத்தோடுதான் பல வேளைகளில் அங்கு அமர்ந்திருக்கின்றது. காலையில் அன்போடு கட்டிக் கொடுத்த புட்டும் சம்பலும் மாலையில் திறக்கப்படாமலே திரும்பி வருவதற்குக் காரணம் பசியின்மை அன்று.

இன்னொரு சிறு தகவலும் உண்டு. எத்தனை பேர் எதிர்த்தால் ஒருவர் வளைவார் என்பதையும் ஆஷ் ஆராய்ந்தார். எதிரே ஒருவர் மட்டும் இருந்தபோது ஏறத்தாழ எவரும் அசையவில்லை. இருவரானபோது பிழைகள் 13.6 சதவீதமாயின. மூவரானபோது 31.8 சதவீதமாக உயர்ந்தன. அதற்கு மேல் எத்தனை பேரைச் சேர்த்தாலும் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. மூவரும் தானுமாக நால்வர். "நாலு பேர்" என்று எமது முன்னோர் எந்த ஆய்வுகூடமும் இன்றியே கணக்குப் பார்த்து வைத்திருந்தார்கள் போலும்!

இது 1950களின் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கதை, எமக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. 1980 இல் இங்கிலாந்தில் பொறியியல், கணித, வேதியியல் மாணவர்களிடையே இதே பரிசோதனையை நடத்தியபோது 396 சுற்றுகளில் ஒரேயொரு தடவைதான் ஒருவர் கூட்டத்தோடு சாய்ந்தார். எனவே இது மாறாத இயற்கை விதி அன்று. காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப ஏறி இறங்குவது. எனினும் 1996 இல் பொன்ட், ஸ்மித் ஆகிய இரு ஆய்வாளர்கள் 17 நாடுகளில் நடத்தப்பட்ட 133 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனிமனிதனைக் காட்டிலும் குடும்பத்தையும் கூட்டத்தையும் முதன்மைப்படுத்தும் சமூகங்களில் இவ்வழுத்தம் கூடுதலாக வேலை செய்வதைக் கண்டனர். நாம் எந்த வகைச் சமூகம் என்பதை எவரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எமது பிள்ளைகள் ஒரே வேளையில் இரு கூட்டங்களின் நடுவே நிற்கின்றனர். பாடசாலையில் ஒரு நாலு பேர். கோயில் வாசலில் இன்னொரு நாலு பேர்.

முதலில் பாடசாலைப் பக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ரெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்ரைன்பேர்க் ஆகியோர் 2005 இல் வெளியிட்ட ஆய்வொன்று பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியது. 306 பேரை மூன்று வயதுப் பிரிவுகளாகப் பிரித்து, கணினியில் வாகனம் ஓட்டும் விளையாட்டொன்றை விளையாடச் செய்தனர். சிவப்பு விளக்கு எப்போது விழும் என்று தெரியாத நிலையில் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகின்றனர் என்பதே அளவீடு. தனியே விளையாடியபோது மூன்று பிரிவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் அருகிலிருந்து பார்த்தபோதோ பதின்ம வயதினர் எடுத்த ஆபத்து வெகுவாக உயர்ந்தது. அவர்களை அடுத்த வயதினரிடம் அதனினும் குறைவாக உயர்ந்தது. வளர்ந்தவர்களிடம் ஏறத்தாழ மாற்றமே இல்லை. பிள்ளைக்கு ஆபத்து விளங்கவில்லை என்பதல்ல இதன் பொருள். தனியே இருக்கும்போது உங்கள் மகன் உங்களைப் போலவே சிந்திக்கின்றான். பின் இருக்கையில் மூன்று நண்பர்கள் ஏறியவுடன் அவன் வேறோர் ஆளாகின்றான்.

இதனைக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் உணர்ந்திருக்கின்றது. அங்கு ஜீ-2 எனப்படும் இரண்டாம் நிலை ஓட்டுநர் அனுமதி பெற்ற, 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான இளையோர், முதல் ஆறு மாதங்களுக்கு நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரை தம் வயதொத்த அல்லது இளைய பயணி ஒருவரை மட்டுமே ஏற்றிச் செல்லலாம். அதன் பின்னர் மூவர் வரை. பெற்றோர் துணை வருதல் போன்ற விதிவிலக்குகள் உண்டு. வாகனத்தைத் தடைசெய்யாமல், கூட்டத்தைத்தான் சட்டம் மட்டுப்படுத்துகின்றது. பதினேழு வயது மகனிடம் வாகனத் திறப்பைக் கொடுக்கும் எம்மவருள் எத்தனை பேர் "ஆர் ஆர் வருகினம்?" என்று கேட்கின்றோம்? "எத்தனை மணிக்கு வருவாய்?" என்பதே எமது கேள்வியாக இருக்கின்றது.

கூட்டத்தின் வலிமையைக் குருதி சிந்திக் கற்றுக்கொண்ட சமூகம் நாம். 1990களில் ரொறன்ரோ பெருநகரின் ஸ்காபரோப் பகுதியில் தமிழ் இளைஞர் குழுக்களிடையே நிகழ்ந்த மோதல்களை மூத்த தலைமுறையினர் மறந்திருக்க முடியாது. எந்தக் குழுவையும் சாராத மாணவர் ஒருவரும் 1997 இன் இறுதியில் அம்மோதலுக்குப் பலியானார். அக்குழுக்களில் இருந்த அனைவரும் கொடியவராகப் பிறந்தவர்கள் அல்லர். அகதியாக வந்த பதினாறு வயதுப் பையன். இரண்டு வேலை செய்யும் தந்தை. பாடசாலையில் அடிப்பவர்களிடமிருந்து காப்பாற்ற ஓர் அண்ணன். அந்த அண்ணனுக்கு ஒரு கூட்டம். முதல் நாள் வெறுமனே கூடச் சென்றான். இரண்டாம் நாள் காவலுக்கு நின்றான். மூன்றாம் நாள் விலக முடியவில்லை. ஒவ்வொரு படியும் முன்னைய படியை விடச் சற்றே உயரம். அதனால் எந்தப் படியிலும் "இது என்னால் முடியாது" என்று சொல்லும் இடம் தெளிவாகத் தெரிவதில்லை.

அந்த வன்முறையின் பின்னணியில், 1990களின் இறுதியில் தமிழ் மாணவர்களே கூடிக் கனடியத் தமிழ் இளையோர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினர் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். பெரியவர்கள் மேடைகளில் இளைய தலைமுறையைக் குறைகூறிக்கொண்டிருந்த வேளையில், இளையோர் இன்னொரு கூட்டத்தை உருவாக்கினார்கள். கூட்டத்துக்கு மாற்றுத் தனிமை அன்று, வேறொரு கூட்டமே என்பதை அவர்கள் எம்மை விட முன்னதாகவே விளங்கிக்கொண்டிருந்தனர்.

இனிக் கோயில் வாசல் நாலு பேரிடம் வருவோம். இவ்விடத்தில் எமது வாசகர்களிற் சிலர் எம்மீது மனத்தாங்கல் கொள்ளக்கூடும். எனினும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

பூப்புனித நீராட்டு விழாவை எடுத்துக்கொள்வோம். ஊரில் வீட்டு முற்றத்தில், மாமன் தண்ணீர் வார்க்க, அயலவர் சூழ நடந்த சடங்கு இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் எங்கு வந்து நிற்கின்றது? நானூறு பேருக்கு மண்டபம், பல்லக்கு, குதிரை வண்டி, நான்கு தடவை உடைமாற்றம், மணப்பெண்ணையும் விஞ்சும் அலங்காரம். உலங்குவானூர்தியில் வந்திறங்கிய செய்திகளையும் கேட்டாயிற்று. இவற்றுக்கான பணம் பல குடும்பங்களில் சீட்டை முன்கூட்டியே கழிவுக்கு எடுத்தும் கடன் அட்டையைத் தேய்த்தும் வருகின்றது. இரவு வேலையும் வார இறுதி வேலையும் செய்து அக்கடனைத் தீர்க்கும் தந்தையை, விழாவுக்குப் பின்னர் அந்தப் பெண்பிள்ளை முன்னரிலும் குறைவாகவே காண்கின்றாள்.

விந்தை என்னவெனில், இதனை விரும்பிச் செய்கின்றோம் என்று சொல்வோர் மிகச் சிலரே. அதே மண்டபத்தில், அதே மேசையில் அமர்ந்து, "ஏன் இந்தக் கூத்து?" என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொள்கின்றோம். பின்னர் எமது முறை வரும்போது அதே கூத்தை ஒரு படி உயர்த்திச் செய்கின்றோம். ஏனெனில் மற்றவர்கள் அனைவரும் இதனை மெய்யாகவே விரும்புகின்றனர், எமக்கு மட்டுமே இது பிடிக்கவில்லை என்று நாம் ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருக்கின்றோம்.

இந்த மயக்கத்தையும் உளவியலாளர் அளந்திருக்கின்றனர். 1993 இல் டெபோரா பிரென்ரிஸ், டேல் மில்லர் ஆகியோர் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக மாணவர்களிடம் மதுப் பழக்கம் பற்றி வினவினர். உனக்கு இது எவ்வளவு ஏற்புடையது, சராசரி மாணவனுக்கு எவ்வளவு ஏற்புடையது என்பனவே வினாக்கள். தமக்கு அவ்வளவாக ஏற்புடையதன்று, ஆனால் மற்றவர்களுக்கு ஏற்புடையதே என்று பெரும்பாலோர் கூறினர். எல்லோருமே அவ்வாறு கூறினால் அந்த "மற்றவர்கள்" யார்? அப்படியொருவர் இல்லை. இல்லாத ஒருவருக்கு அஞ்சி எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தனர். அதனிலும் துயரமான முடிவு, ஆண் மாணவர்களின் சொந்தக் கருத்தே காலப்போக்கில் அந்தக் கற்பனைப் பெரும்பான்மையின் பக்கம் நகர்ந்தது என்பதாகும். வேண்டாவெறுப்பாகச் செய்யத் தொடங்கியது, சில மாதங்களில் விருப்பமாகவே ஆகிவிடுகின்றது.

எமது நாலு பேரும் அத்தகையவர்களே. நாம் அவர்களுக்கு அஞ்சுகின்றோம். அவர்கள் எமக்கு அஞ்சுகின்றார்கள்.

ஆடம்பரம் பணத்தோடு போகும். மௌனம் உயிரையும் கொண்டுபோகக்கூடியது. 1968 இல் நியூயோர்க்கில் பிப் லற்றானே, ஜோன் டார்லி ஆகியோர் ஓர் அறையில் மாணவர்களை இருத்திப் படிவம் நிரப்பச் செய்துவிட்டு, சுவரிலிருந்த துவாரம் வழியே புகையைச் செலுத்தினர். தனியே இருந்தவர்களில் 75 சதவீதமானோர் எழுந்து சென்று அறிவித்தனர். எதுவும் நடவாதது போல் எழுதிக்கொண்டிருக்குமாறு ஒழுங்கு செய்யப்பட்ட இருவர் உடனிருந்தபோதோ பத்துப் பேரில் ஒருவரே அறிவித்தார். மற்ற ஒன்பது பேரும் கண்ணைக் கசக்கினர், இருமினர், புகையைக் கையால் விலக்கினர், ஆனால் எழவில்லை. எமது சமூகத்தின் எத்தனை மண்டபங்களில் இந்தப் புகை எழுகின்றது! நெடுநாளாக எவரோடும் பேசாதிருக்கும் இளைஞன், கழுத்துவரை மூடிய சட்டையோடு வெயில் காலத்தில் வரும் பெண், மாலை நான்கு மணிக்கே தள்ளாடும் தந்தை. எல்லோரும் காண்கின்றோம். மற்றவர்கள் பேசாதிருப்பதால் அது பெரிதன்று என்று எண்ணிக்கொள்கின்றோம். அவர்களும் எம்முகத்தைப் பார்த்தே அவ்வாறு எண்ணுகின்றனர்.

இவ்வளவையும் கூறியதால் கூட்டம் என்பதே தீங்கு என்று எவரும் கொள்ள வேண்டாம். கூட்டமின்றி மொழி இல்லை. ஜூடித் ரிச் ஹாரிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1998 இல் வெளியிட்ட நூலொன்றில், பிள்ளைகளை உருவாக்குவதில் பெற்றோரை விடச் சகபாடிகளின் பங்கே பெரிது என்று வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள்: அவர்கள் பெற்றோரின் உச்சரிப்பை விடுத்துத் தெருவிலும் வகுப்பிலும் உள்ள பிள்ளைகளின் உச்சரிப்பையே பெறுகின்றனர். அவரது முடிவு மிகைப்பட்டது என்று மறுத்தோரும் உளர். எமக்கும் அதில் முழு உடன்பாடு இல்லை. ஆயினும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் இடைவேளையில் சென்று பாருங்கள். வகுப்பில் குறளை மனனம் செய்த பிள்ளைகள், மணி அடித்ததும் நோர்வேஜிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஓடிப்பிடித்து விளையாடுகின்றனர். வகுப்பறைத் தமிழ் ஆசிரியருக்கு. விளையாட்டு மொழி நண்பனுக்கு. ஆண்டுதோறும் பாடநூலைத் திருத்துகின்றோம். அந்தப் பதினைந்து நிமிட இடைவேளையைப் பற்றி எந்த நிர்வாகக் கூட்டத்திலும் பேசுவதில்லை. விடுமுறையில் ஒத்த வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஊருக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, ஆறு வாரத்தில் தமிழில் சண்டை பிடிக்கக் கற்றுக்கொண்டு திரும்புவதை நாம் கண்டிருக்கின்றோம். அதுவும் கூட்டத்தின் வேலையே.

ஆகவே அழுத்தத்தை ஒழிப்பது எங்ஙனம் என்பதன்று வினா. அதன் நடுவே எமது பிள்ளை தன் கண்ணால் கண்டதைத் தன் வாயால் சொல்லும் நிலை எங்ஙனம் வரும் என்பதே. இதற்கான விடையும் ஆஷின் அறையிலேயே கிடக்கின்றது.

அவர் பரிசோதனையில் ஒரு மாற்றம் செய்தார். பொய் சொல்லும் கூட்டத்தின் நடுவே உண்மை சொல்லும் ஒருவரை, ஒரேயொருவரை, அமர்த்தினார். கூட்டம் பெரிதும் அப்படியே இருந்தது. அழுத்தம் அப்படியே இருந்தது. ஆனால் கூட்டத்தோடு சாய்ந்த விடைகள் முன்னிருந்ததில் கால்பங்காகக் குறைந்தன. பின்னர் இன்னும் இரு மாற்றங்களைச் செய்தார். ஒன்றில், சில சுற்றுகள் வரை உண்மை சொன்ன துணைவர் திடீரெனக் கூட்டத்தோடு சேர்ந்து பொய் சொல்லத் தொடங்கினார். அக்கணமே அறியாதவரின் உறுதி குலைந்தது. துணையே இல்லாதிருந்த நிலைக்கு ஏறத்தாழ அவர் திரும்பினார். மற்றையதில், துணைவர் வேறு அலுவல் இருப்பதாகக் கூறி அறையை விட்டு வெளியேறினார். அப்போதும் பிழைகள் கூடின. ஆனால் அவ்வளவு கூடவில்லை. உண்மை சொல்லிவிட்டுப் போனவரின் துணை, அவர் போன பின்னரும் ஓரளவு அறையில் இருந்தது.

பெற்றோர் எப்போதும் பிள்ளையின் அறையில் இருக்க முடியாது. பதினைந்து வயதுக்குப் பின் நாம் வெளியேறும் துணைவரே. அதில் தவறில்லை. கட்சி மாறும் துணைவராக நாம் ஆகிவிடுவதில்தான் இழப்பு இருக்கின்றது. மற்றவர்கள் செய்கிறார்கள் என்பதற்காக ஒன்றைச் செய்யாதே என்று வீட்டில் சொல்லிவிட்டு, மண்டபத்தில் மற்றவர்கள் செய்கிறார்கள் என்பதற்காகவே ஒன்றைச் செய்யும்போது, பிள்ளை காண்பது அதனைத்தான். பெறுபேறுகள் வந்த நாளில் எத்தனை பாடத்தில் ஒன்பது என்று உறவினர் தொலைபேசியிற் கேட்க, மகனின் ஏழைச் சற்று உயர்த்திச் சொல்லும் தாயை அவன் அருகிருந்து கேட்கின்றான். இசையைக் கற்க விரும்பிய மகளை "அவையின்ரை பிள்ளை மருத்துவம் படிக்குது" என்று மடக்கிவிட்டு, பின்னொரு நாளில் அவள் தோழிகளுக்காகப் புகைத்தபோது "உனக்கெண்டு ஒரு புத்தி இல்லையோ?" என்று கேட்டால், அவளுக்கென்று இருந்த புத்தியை முதலில் வாங்கி வைத்துக்கொண்டவர் யார்?

வீட்டில் "இல்லை" என்று சொல்லிப் பழகாத பிள்ளை வெளியில் சொல்லாது. எமது குடும்பங்களில் எதிர்த்துப் பேசுதல் என்பது குற்றம். பணிவான பிள்ளை என்று பாராட்டப்படும் பிள்ளை, அந்தப் பணிவை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை. அதனை அணிந்துகொண்டேதான் சகபாடிகளிடமும் செல்கின்றது. மரியாதையோடு மறுத்துப் பேசும் பிள்ளையிடம் ஒரு தடவையேனும் நாம் தோற்றுக்கொடுக்க வேண்டும். உணவு மேசையில் அது தொடங்கலாம்.

நடைமுறை ஒன்றும் உண்டு. நள்ளிரவு இரண்டு மணியாயினும், எங்கு, எந்த நிலையில் நின்றாலும், தொலைபேசியில் அழைத்தால் வந்து ஏற்றுவேன், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன் என்று சில பெற்றோர் பிள்ளைகளோடு உடன்பாடு செய்திருக்கின்றனர். "அம்மா உடனே வரட்டாம்" என்று பழியை அம்மாவின் தலையிற் போட்டுவிட்டுப் பிள்ளை மதிப்பிழக்காமல் வெளியேறலாம். மறுநாள் காலை பேசிக்கொள்ளலாம். எம்மவர் சிலருக்கு இது பிள்ளைக்கு இடங்கொடுப்பதாகத் தோன்றும். தோன்றட்டும்.

இளையோரே, உங்களிடமும் ஒன்று உண்டு. உங்கள் கூட்டத்தில் விருப்பமின்றி நிற்பவர் நீங்கள் மட்டும் அல்லர். உங்களுக்கு அருகே நிற்பவர், நீங்கள் விரும்புகிறீர்கள் என்று எண்ணியே நின்றுகொண்டிருக்கக்கூடும். முதலில் வாயைத் திறப்பவருக்குத்தான் சுமை முழுவதும். இரண்டாமவருக்கு அது பாதிகூட இல்லை. முதலாமவராக இருக்க முடியாவிடினும், ஒருவர் தயங்கித் தயங்கி "நான் வரேல்லை" என்று சொல்லும்போது அந்த இரண்டாமவராக இருக்க முடியும்.

எமக்குத் தெரிந்த குடும்பமொன்று மகளின் விழாவை நாற்பது பேரோடு வீட்டிலேயே நடத்தியது. பல்லக்கு இல்லை, பாட்டியின் கையால் பலகாரம். ஓராண்டு காலம் அவர்களைப் பற்றிப் பேசினார்கள். தந்தைக்கு வேலை போய்விட்டது என்றும் சொன்னார்கள். போகவில்லை. அழைக்கப்படாத உறவினர் சிலர் இன்றுவரை முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அந்த இழப்பு மெய்யானது, அதனைச் சிறிதென்று நாம் சொல்ல மாட்டோம். அடுத்த ஆண்டு அதே நகரில் வேறொரு தாய் அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, என்ன காரணம் சொல்லிச் சமாளித்தீர்கள் என்று தணிந்த குரலிற் கேட்டிருக்கின்றார்.

கோடை விடுமுறைக்கான மண்டப முற்பதிவுகள் எப்போதும் முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும். முற்பணம் கட்டுவதற்கு முன்னர் மகளிடம் ஒரு சொல் கேளுங்கள். பெரிய விழாவே வேண்டும் என்றும் அவள் சொல்லக்கூடும், தோழிகள் எல்லோருக்கும் அப்படித்தானே நடந்தது என்று. அப்படிச் சொன்னால் அவளோடு சண்டை பிடியாமல், அந்தத் தோழிகளுக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்ததா என்று அவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.